ஊரைப் பெயர்த்த ஆணை



ஊர் என்பது யாது? இருபது வீடுகளை ஒரே வரிசையில் எழுப்பி, நடுவே ஒரு தெருவை நீட்டி, முனையில் ஒரு பெயர்ப்பலகையை நட்டுவிட்டால் அஃது ஊராகி விடுமா? இவ் வினாவிற்கு விடை காணப் பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டுவதில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள தான்சானியா என்னும் நாடு, தன் நாட்டுப்புற மக்களைப் பெயர்த்தெடுத்துப் புதிய ஊர்களில் நட்டுப் பார்த்தது. 1973 முதல் 1976 வரையான மூன்றாண்டுக் காலத்தில், குறைந்தது 50 இலக்கம் மக்கள் தம் வீட்டையும் கொல்லையையும் விட்டு, அரசு காட்டிய இடத்திற்குச் சென்றனர். விடுதலை பெற்ற ஆப்பிரிக்காவில் அதுவரை அத்துணைப் பெரிய குடிபெயர்ப்பு நடந்ததில்லை. 1978ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந் நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 1 கோடியே 75 இலக்கந்தான் என்பதை எண்ணினால், அதன் அளவு விளங்கும்.

இதனைச் செய்தவன் அயலான் அல்லன். கொடுங்கோலன் என்று உலகம் தூற்றிய ஒருவனும் அல்லன். தன் மக்களால் 'ஆசிரியர்' என்னும் பொருள்பட 'முவாலிமு' என்று அன்போடு அழைக்கப்பெற்ற சூலியசு நைரேரே அவர்களின் ஆட்சியிலேதான் இது நடந்தது. ஆகவேதான் இவ் வரலாறு ஆழ்ந்து எண்ணத்தக்கது. தீயவன் செய்த தீமையைக் கண்டு அஞ்சி விலகுதல் எளிது. நல்லவன் நன்மை கருதித் தொடங்கிய செயல் எங்கே தடம் புரண்டது என்று கண்டறிவதே கடிது.

நைரேரே 1922இல் பிறந்தவர். மக்கரேரேயிலும் எடின்பரோவிலும் கற்றவர். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். 1961 திசம்பர் 9ஆம் நாள் தாங்கனீக்கா விடுதலை பெற்றது. 1964இல் சான்சிபார்த் தீவோடு இணைந்து அது தான்சானியாவாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட இனக்குழுக்களும் அத்துணை மொழிகளும் வழங்கும் அந் நாட்டில், ஆங்கிலத்தின் காலில் விழாமல், சுவாகிலி மொழியைப் பொதுமொழியாக வளர்த்தவர் அவர். தொடக்கப் பள்ளிகளில் சுவாகிலியே பயிற்றுமொழியாயிற்று. ஆட்சிச் சுமைக்கு இடையிலும் செகப்பிரியரின் 'சூலியசு சீசர்' நாடகத்தை அவர் தாமே சுவாகிலியில் பெயர்த்து 1963இல் வெளியிட்டார். 'வெனிசு வணிகன்' 1969இல் வந்தது. மொழிப்பற்று மிக்கவர், எளிய வாழ்வினர், தம் பொருட்டுச் செல்வம் சேர்க்காதவர் என்பதில் அவர்தம் பகைவர்க்கும் ஐயமில்லை.

அவர் கண்ட குறை மெய்யான குறையே. நாட்டுப்புற மக்களுள் மிகப் பலர் கூட்டமாக வாழவில்லை. ஒரு குடும்பத்தின் குடிசையிலிருந்து அடுத்த குடிசைக்கு நெடுந்தொலைவு நடக்க வேண்டும். இவ்வாறு சிதறிக் கிடப்போர்க்குப் பள்ளி கட்டுவது எங்கே? கிணறு தோண்டுவது எங்கே? மருத்துவமனை வைப்பது எங்கே? 1962 திசம்பரில் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றபோதே, மக்கள் ஊர்களாகக் கூடி வாழ்ந்தாலன்றி முன்னேற்றம் இல்லை என்று அவர் எடுத்துரைத்தார். உலக வங்கியின் அறிவுரையை ஒட்டிச் சில புதுக் குடியேற்றங்களும் அமைக்கப்பட்டன. உழவுப் பொறிகளும் கட்டடங்களும் பெரும்பொருளை விழுங்கினவே தவிர, விளைச்சல் அதற்கு ஈடு தரவில்லை. 1966இல் அம் முயற்சி கைவிடப்பட்டது.

அதன்பின் அவர் பொறியை நம்பாமல் ஒரு சொல்லை நம்பினார். 'உசமா' என்பது அச் சொல். குடும்பமாய் இருத்தல், உறவாய் வாழ்தல் என்பது அதன் பொருள். அதன் வேர் அரபுமொழியினின்று வந்ததாயினும், தலைமுறை தலைமுறையாய்ச் சுவாகிலி மக்களின் நாவில் ஊறிப்போன சொல் அது. 1967 பிப்பிரவரியில் வெளியான அருசா அறிவிப்பும், அதே ஆண்டு செப்தம்பரில் அவர் எழுதிய நாட்டுப்புற வளர்ச்சி பற்றிய கட்டுரையும் இச் சொல்லின்மேல் கட்டப்பட்டவை. ஒருவரை ஒருவர் மதித்தல், உடைமையைப் பகிர்தல், அனைவரும் உழைத்தல் என்னும் மூன்றும் பழைய ஆப்பிரிக்கக் குடும்பத்தின் அறங்கள். அவ் வறங்களை ஊர் அளவிற்கு விரிப்பதே உசமா ஊர் என்று விளக்கினார். அவ்வூர் மக்கள் தாமே விரும்பி அமைப்பதாக இருத்தல் வேண்டும். வற்புறுத்தி அமைப்பது உசமா ஆகாது என்பதையும் அவரே அழுத்தந்திருத்தமாக எழுதினார்.

அவ்வாறு தாமே விரும்பி அமைத்தோரும் இருந்தனர். நாட்டின் தென்கோடியில் உள்ள உருவுமா வட்டாரத்தில், அருசா அறிவிப்பிற்கு முன்பே, இளைஞர் சிலர் இலித்தோவா என்னும் இடத்தில் கூடிக் காட்டைத் திருத்திக் கூட்டாகப் பயிரிட்டனர். அதைக் கண்டு அக்கம்பக்கத்தில் ஒவ்வோர் ஊராகத் தோன்றின. அவை உருவுமா வளர்ச்சிக் கழகம் என்னும் பெயரில் ஒன்றுகூடின. தமக்கென ஒரு பள்ளியும் நடத்தின. ஏறத்தாழ பதினேழு ஊர்களாகப் பெருகின. யாரைச் சேர்ப்பது, எதைப் பயிரிடுவது, வருவாயை எவ்வாறு பங்கிடுவது என்பவற்றை அவ்வூரார் கூடிப் பேசி முடிவு செய்தனர். நைரேரே நெஞ்சில் கண்ட கனவு மண்ணில் முளைத்த இடம் அதுவே.

ஆனால் என்ன நடந்தது? 1969 செப்தம்பரில் ஆளுங்கட்சியின் நடுவண் குழு அக் கழகத்தைத் தடை செய்தது. அதன் உடைமைகள் பறிக்கப்பட்டன; அதன் பள்ளி ஆசிரியர்கள் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டனர். மேலிருந்து வரும் ஆணைக்குக் காத்திராமல் மக்கள் தாமே முடிவு செய்வதைக் கட்சி அலுவலர்களால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. தானே முளைத்த நாற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நடவு நடக்கவில்லையே என்று வருந்திய உழவனை எங்கேனும் கண்டதுண்டா? தான்சானியா அரசு அதைத்தான் செய்தது.

அதற்குப்பின் ஊரமைப்பு அலுவலர் கைக்கு மாறிற்று. உரூபிசி ஆற்றுப் படுகையில் வெள்ளத்தைக் கரணியமாகக் காட்டி மக்கள் மேட்டுநிலத்திற்குப் பெயர்க்கப்பட்டனர். பின்னர் வறட்சி மிக்க தோதோமா. அதன்பின் மேற்கே கிகோமா. இரிங்கா வட்டாரத்தில் மக்காச்சோளம் பயிரிட்ட உழவர்களின் நிலங்களைக் கூட்டு நிலமாக்க முற்பட்டபோது பூசல் மூண்டது. 1971 திசம்பர் 25ஆம் நாள், அவ் வட்டார ஆணையரே ஓர் உழவரின் நிலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் பின்னர்த் தூக்கிலிடப்பட்டார். இரண்டு உயிர்கள் போயின. எச்சரிக்கையை மட்டும் எவரும் காதில் வாங்கவில்லை.

1973இல் உசமா ஊர்களில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 20 இலக்கம் என்றது அரசின் கணக்கு. ஆறாண்டுகளில் இவ்வளவுதானா என்று பொறுமை இழந்தது ஆளுங்கட்சி. அவ் வாண்டுச் செப்தம்பரில் கூடிய கட்சி மாநாடு, 1976ஆம் ஆண்டு முடிவதற்குள் நாட்டுப்புற மக்கள் அனைவரும் ஊர்களில் குடியேறிவிட வேண்டும் என்று முடிவு செய்தது. நவம்பர் 6ஆம் நாள், நைரேரே அவர்களே அதனை ஆணையாக அறிவித்தார். விரும்பியோர் வருக என்ற அழைப்பு, அனைவரும் வந்தே ஆகவேண்டும் என்ற கட்டளையாயிற்று.

மொழியறிந்தோர் இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அழைத்த காலத்தில் அச் செயலுக்கு உசமா என்று பெயர். கட்டளையிட்ட காலத்தில், ஆங்கிலப் படைத்துறை வழக்கினின்று வந்த 'ஓப்பரேசெனி' என்னும் சொல்லே அதற்குப் பெயராயிற்று. உறவைக் குறிக்க மக்கள் சொல் இருந்தது. உருட்டி மிரட்டுதற்கு மக்கள் சொல் கிடைக்கவில்லை போலும்! 1975இல் இயற்றப்பட்ட சட்டமோ ஊர்கள் என்றும், உசமா ஊர்கள் என்றும் இருவகையாகப் பிரித்தது. குறைந்தது 250 குடும்பங்கள் இருந்தால் அஃது ஓர் ஊராகப் பதிவு பெறும். உசமா என்னும் தகுதி பின்னொருகால் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். அதாவது, உறவு இல்லாமலே ஊர் அமைக்கலாம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது. சொல்லின் உயிர் அன்றே பிரிந்தது.

ஆணை எவ்வாறு நிறைவேறிற்று? சில இடங்களில் மக்கள் தாமே மூட்டை முடிச்சோடு புறப்பட்டனர். பல இடங்களில் படையினரும் கட்சித் தொண்டர் படையினரும் சுமையுந்துகளோடு வந்தனர். மறுத்தோர் வீட்டுக் கூரையைப் பிரித்தனர். திரும்பி வந்துவிடலாகாதே என்று குடிசைகளைக் கொளுத்தியதும் உண்டு. எந்த வட்டாரத்தில் எத்தனை பேரைப் பெயர்த்தோம் என்று கணக்குக் காட்டுவதில் அலுவலர்களுக்குள் போட்டி நிலவிற்று. புதிய ஊர்கள் பெரும்பாலும் சாலையோரத்தில் அமைந்தன. அலுவலரின் உந்து எளிதில் வந்து நிற்கும்; வீடுகள் நேர்கோட்டில் நிற்கும்; எண்ணுவதற்கு எளிது. மண் விளையுமா, நீர் ஊறுமா என்பது பல இடங்களில் பிற்பாடு கேட்கப்பட்ட கேள்வி.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்தது தொல்காப்பியம். மாந்தர் வாழ்வு பற்றிய மற்றெல்லாம் அவ் விரண்டின்மேல் எழுவன. அது பாட்டிற்கு வகுத்த இலக்கணம் மட்டுமன்று. வாழ்விற்கும் அதுவே இலக்கணம். தான்சானிய அலுவலர் தவறவிட்டவை இவ் விரண்டுமே.

முதலில் நிலம். சிதறி வாழ்ந்தது அறியாமையால் அன்று. தோதோமா வட்டாரத்தில் மழை குறைவு. பெய்யும் மழையும் ஓரிடத்தில் பெய்து மற்றோரிடத்தில் பொய்க்கும். அங்குள்ள கோகோ மக்கள் கம்பும் சோளமும் விதைத்து, ஆடுமாடு வளர்ப்பவர்கள். மேட்டில் கொஞ்சம், பள்ளத்தில் கொஞ்சம் எனப் பலவகை மண்ணில் விதைத்தால், ஒன்று பொய்த்தாலும் ஒன்று காக்கும். குடிசைகள் விலகி நின்றால் மேய்ச்சல் போதும். தொழுவத்து எரு அருகிலுள்ள கொல்லைக்கே உரமாகும். இது பாட்டன் பூட்டன் பட்டறிவால் கண்ட வேளாண் நூல், எழுதப்படாத நூல். நூற்றுக்கணக்கான குடும்பங்களை ஓரிடத்தில் குவித்தபோது, ஊரைச் சுற்றிய மண் சில ஆண்டுகளில் சத்திழந்தது, விறகு தொலைவாயிற்று, மேய்ச்சல் தேய்ந்தது. நல்ல நிலம் பழைய இடத்திலேயே கிடந்தது. அங்கே நடந்து சென்று பயிரிட்டாலும், இரவில் காவலுக்கு ஆளில்லாமல் காட்டுப்பன்றியும் குரங்கும் அறுவடை செய்தன. கிளிமஞ்சாரோ மலைச்சரிவிலும் விக்தோரியா ஏரியின் மேற்கே புக்கோபாவிலும் வாழையும் குளம்பியும் வளர்த்து நெருங்கி வாழ்ந்தோர் பெரும்பாலும் பெயர்க்கப்படவில்லை. வறண்ட நிலத்து எளியோரே மிகுதியும் பெயர்க்கப்பட்டனர்.

அடுத்துப் பொழுது. ஆணைக்கு இறுதி நாள் உண்டு. விதைப்புக்கும் இறுதி நாள் உண்டு. இரண்டும் மோதிய இடத்தில் ஆணை வென்றது, விதைப்புத் தோற்றது. உழவேண்டிய திங்களில் பல குடும்பங்கள் புதுக் குடிசைக்குக் கழி வெட்டிக் கொண்டிருந்தன. 1973-74, 1974-75 ஆண்டுகளில் மழையும் பொய்த்தது. உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் ஏறிற்று. நாடு பெருமளவு தவசத்தை வெளியிலிருந்து வாங்க நேர்ந்தது. பஞ்சத்திற்கு வறட்சி எவ்வளவு, குடிபெயர்ப்பு எவ்வளவு என்று ஆய்வாளர் இன்றும் வழக்காடுகின்றனர். வறட்சி மெய், அதில் ஐயமில்லை. ஆனால் வறட்சி வந்த ஆண்டில் உழவனை நிலத்தினின்று பிரித்தது மழையின் குற்றம் அன்று.

முந்திரியின் கதை இன்னும் தெளிவானது. நாட்டின் தென்கிழக்கில் இலிந்தி, முதுவாரா வட்டாரங்களில் முந்திரித் தோப்புகள் மிகுதி. கொட்டையில் பெரும்பகுதி இந்திய ஆலைகளுக்குக் கப்பலேறியது. 1973-74இல் விளைச்சல் ஏறத்தாழ 1,45,000 டன். 1986-87இல் அது ஏறத்தாழ 16,500 டன்னாகச் சுருங்கிற்று. மரநோயும் குறைந்த கொள்முதல் விலையும் அதற்குக் கரணியங்களே. எனினும் உடையவன் புதிய ஊரில் இருக்க, மரங்கள் பழைய ஊரில் நின்றதும் பெருங்கரணியம். மாந்தனைச் சுமையுந்தில் ஏற்றலாம். அவன் நட்ட மரத்தை ஏற்ற முடியுமா?

நடுவுநிலைமை பேணுவோர் மறுபக்கத்தையும் கூறியாக வேண்டும். புதிய ஊர்களில் பள்ளிகள் எழுந்தன. தொடக்கக் கல்வி அனைவருக்கும் என்னும் குறிக்கோளை 1974இல் மேற்கொண்டு, 1977க்குள் நாடு அதனைப் பெருமளவு எட்டிப் பிடித்தது. 1960களின் இறுதியில் வளர்ந்தோருள் மூவரில் இருவர் எழுத்தறியாதவர். 1977இல் அது நால்வரில் ஒருவர் என்னும் அளவிற்கு அருகே குறைந்தது. அவ் வெழுத்தறிவு முழுவதும் சுவாகிலி வாயிலாக வந்தது. நாட்டின் மக்கள் இனக்குழுப் பகையின்றி ஒரே பொதுமொழியில் உரையாடும் நிலையும் வாய்த்தது. இவை சிறிய பேறுகள் அல்ல. ஆயினும் பள்ளிக்கு வா என்று அழைப்பதும், வீட்டைக் கொளுத்தி விரட்டுவதும் ஒன்றாகா. பள்ளியும் கிணறும் முதலில் வந்திருந்தால், அவற்றை நாடி மக்கள் தாமே நெருங்கி வந்திருப்பர். உருவுமாவில் அதுதானே நடந்தது?

இம் முறை புதியதும் அன்று. ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில், உறக்கநோயைப் பரப்பும் செட்சே ஈக்குத் தப்புவிப்பதாகச் சொல்லி, தாங்கனீக்கா மக்களைக் காட்டினின்று பெயர்த்துக் குடியிருப்புகளில் செறித்தனர். 1947இல் அதே தோதோமா வட்டாரத்துக் கோங்குவாவில், மண்ணையும் மழையையும் அறியாமல் பெரும்பொறிகளைக் கொண்டு நிலக்கடலை பயிரிடப் புகுந்தனர். 3 கோடிப் பவுனுக்கு மேல் கொட்டி அழித்துவிட்டு 1951இல் கைவிட்டனர். உழவனுக்கு ஒன்றும் தெரியாது, அலுவலகத்து வரைபடத்திற்கே எல்லாம் தெரியும் என்னும் செருக்கே அவற்றுக்கு அடிப்படை. ஆண்டவன் மாறினான்; கொடி மாறிற்று; மொழியும் மாறிற்று. வரைபடம் மட்டும் மாறவில்லை.

தாய்மொழிப் பற்றாளர் இங்கே நின்று எண்ண வேண்டும். அயன்மொழியில் வரும் ஆணையை எதிர்ப்பது எளிது. அது அயலது என்று செவியே சொல்லிவிடும். தன்மொழியில், தன்னவன் வாயால், உறவு என்னும் இனிய சொல்லோடு வரும் ஆணையை எதிர்ப்பது அரிது. ஆட்சி மக்கள் மொழியில் நடத்தல் வேண்டும். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அது முதற்படி மட்டுமே. மக்கள் மொழியில் பேசும் ஆட்சி, மக்கள் பேசுவதைக் கேட்கவும் வேண்டும். கேளாத ஆட்சி எம்மொழியில் கட்டளையிட்டாலும் கட்டளை கட்டளையே. நைரேரே சுவாகிலியை நாட்டுக்கு நாவாக்கினார். அந் நாவால் உழவன் 'மாட்டேன்' என்று சொன்னபோது, அவர்தம் அரசு செவியை மூடிக்கொண்டது.

1977இல், அருசா அறிவிப்பின் பத்தாண்டு நிறைவில், 1 கோடியே 30 இலக்கம் மக்கள் 7,000க்கு மேற்பட்ட ஊர்களில் வாழ்வதாக அரசு கணக்குக் காட்டிற்று. அப்போது எழுதிய ஆய்வுரையில் நைரேரே குறைகள் பலவற்றை மறையாமல் ஒப்புக்கொண்டார். 1985இல் தாமே பதவியினின்று விலகினார், 1999இல் மறைந்தார். பதவியைத் தாமே துறந்த பெருமையை அவருக்கு மறுப்பார் இலர்.

மக்கள் என்ன செய்தனர்? பிடி தளர்ந்தபோது பலர் பழைய கொல்லைக்குத் திரும்பினர். அங்கே வேறொருவர் உழுது கொண்டிருந்தார்; அரசு அவருக்கு அந் நிலத்தைக் கொடுத்திருந்தது. பழைய உடையவனும் புதிய உடையவனும் வழக்குமன்றம் ஏறினர். இவ் வழக்குகளை ஒழிக்க 1992இல் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. குடிபெயர்ப்புக்கு முன்னிருந்த மரபுவழி நிலவுரிமைகள் அழிந்தன என்றது. 1987இல் வழக்குமன்றத் தீர்ப்பால் தம் நிலத்தை மீளப்பெற்ற ஒரு தந்தையும் மகனும் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 1994இல் அந் நாட்டின் மேன்முறையீட்டு மன்றம், மரபுவழி நிலவுரிமையும் அரசியல் சட்டம் காக்கும் உடைமையே என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் முதன்மையான சில பிரிவுகள் செல்லாவாயின. 1999ஆம் ஆண்டு ஊர்நிலச் சட்டமோ, 1970க்கும் 1977க்கும் இடையில் அரசு பங்கிட்ட நிலங்கள் பங்கிட்டபடியே நிற்கும் என்று வகுத்தது. எய்த அம்பு எய்தவன் கைக்கு மீள்வதில்லை. மூன்றாண்டில் பெயர்த்ததை ஒரு தலைமுறை முழுவதும் முயன்றும் ஒழுங்குபடுத்த இயலவில்லை.

எனவே, தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு விடை இதுவே. வீடுகளின் வரிசை ஊர் அன்று. தன் மண்ணைத் தான் அறிந்தவர், தாமே கூடி, தாமே பேசி, தாமே முடிவு செய்து வாழுமிடமே ஊர். அணைக்காகவோ, காட்டுக்காகவோ, ஆலைக்காகவோ, முன்னேற்றத்திற்காகவோ எங்கே எந்த அரசு மக்களைப் பெயர்க்க முனைந்தாலும், மூன்று வினாக்களைக் கேட்கும் கடமை கற்றோர்க்கு உண்டு. அம் மக்களிடம் கேட்டார்களா? அவர்கள் வேண்டா என்றால் விட்டுவிடுவார்களா? அவர்கள்தம் நிலத்தையும் பொழுதையும் அறிந்தவர் எவரேனும் அவ் வரைபடத்தைத் தொட்டார்களா? இம் மூன்றுக்கும் விடை இல்லையேல், எத்துணை இனிய சொல்லைப் பெயராகச் சூட்டினாலும் அத் திட்டம் அச் சொல்லையும் கெடுக்கும், மக்களையும் கெடுக்கும்.

நல்ல சொல்லைப் படைப்பது புலவன் வேலை. அதை நாவில் வைத்துக் காப்பது மக்கள் வேலை. அதனைப் பொய்யாக்காமல் நடப்பது ஆள்வோர் கடமை. அக் கடமையில் அவர்கள் தவறும்போது, தவறு என்று அதே மொழியில் எடுத்துரைப்பதும் மொழிக்காப்பே.